நாற்காலிக்கு வைத்த கெடு

சங்கக் கூட்ட அழைப்பிதழின் கடைசி வரி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்." அதற்கு மேலே இருப்பவையும் பெரிதாக மாறுவதில்லை. சென்ற கூட்ட நடவடிக்கையைப் படித்து ஒப்புதல் பெறுவது, வரவு செலவு, புதிய நிர்வாகிகள் தேர்வு. பொருளாளர் வேகமாக வாசிப்பார், கை தட்டுவோம், மினிட் நோட்டில் "ஏகமனதாக" என்று ஏறும், வடை வரும். குடியிருப்போர் நலச் சங்கம், பழைய மாணவர் சங்கம், சபா, வாசகர் வட்டம் எல்லாமே 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் பிள்ளைகள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக்கூடாது. பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. ஆனால் அதே ஆள் மறுபடி வரத் தடையில்லை.

இந்தச் சட்டத்தின் கீழ் வரும் சங்கங்களில் ஒன்றின் பெயர் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம். 1928இல் தொடங்கி 1940இல் சென்னையில் பதிவான சங்கம் அது. அலுவலகம் மும்பைக்குப் போன பிறகும் பதிவு இங்கேயே இருக்கிறது. உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் அமைப்பும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் தேடும் நம் தெருச் சங்கமும் ஒரே சட்டத்தின் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன.

லாப நோக்கற்ற சங்கங்களை எப்படி நடத்த வேண்டும் என்ற அறிவுரைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் உச்ச நீதிமன்றமே முன்னின்று, இந்த வாரியத்தின் விதிகளை வரி வரியாகத் திருத்தி எழுதியது. நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான மூவர் குழு 2016 ஜனவரியில் தந்த அறிக்கை அந்த அளவில் ஒரு பாடநூல். அந்தப் பாடநூலில் எது தேறியது, எது தேறவில்லை என்று பார்ப்பது கிரிக்கெட் ரசிகர்களை விட நம் போன்ற சங்கக்காரர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

நோய் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். வாரிய நிர்வாகிகளுக்கு வாரியம் நடத்தும் ஆட்டங்களில் வணிக நலன் இருக்கக்கூடாது என்று 6.2.4 என்ற எண்ணில் ஒரு விதி இருந்தது. 2008இல் அதில் "ஐபிஎல் நீங்கலாக" என்ற பொருளில் சில சொற்களைச் சேர்த்தார்கள். அப்போது வாரிய நிர்வாகத்தில் இருந்து பின்னாளில் தலைவரான என். சீனிவாசன், சென்னை சூப்பர் கிங்ஸை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநர். 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரம் வெடித்தபோது, விசாரிக்க வேண்டியவரும் விசாரணைக்குள் வரும் அணியின் உரிமையாளர் தரப்பும் ஒன்றாக நின்ற காட்சியைப் பார்த்தோம். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கி, லோதா குழுவையும் அமைத்தது.

கவனிக்க வேண்டியது இது: நோய் பதவியில் நீண்ட நாள் இருந்ததால் வந்ததல்ல. தனக்கு லாபமுள்ள விஷயத்தில் ஒருவர் மேசையை விட்டு எழுந்து போகாததால் வந்தது. அதை அனுமதிக்க விதியையே வளைத்ததால் வந்தது. லோதா குழு இதைக் கண்டது. அதற்கு மருந்தும் எழுதியது. நலமுரண்களைத் தீர்க்க நெறி அலுவலர், புகார் கேட்க நடுவர், தேர்தல் நடத்த வெளியிலிருந்து ஓர் அலுவலர். ஆனால் நாடு முழுக்கப் பேசப்பட்டது இவையல்ல. எழுபது வயதுக்கு மேல் கூடாது, அமைச்சரும் அரசு ஊழியரும் கூடாது, மூன்றாண்டுப் பதவி முடிந்தால் அடுத்த தடவைக்கு முன் ஓய்வுக்காலம், மொத்தம் ஒன்பது ஆண்டுதான் என்ற கெடுக்கள். பத்திரிகைகள் "கூலிங் ஆஃப்" என்றே எழுதின. நாற்காலிக்குக் கெடு வைப்பது கண்ணுக்குத் தெரிகிற மருந்து. தலைப்பாகவும் நன்றாக இருக்கும்.

அந்தக் கெடுவின் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருபது ஆண்டு ஒருவரே செயலாளராக இருக்கும் சங்கத்தில் வங்கிக் கணக்கும் சாவியும் மட்டுமல்ல, நினைவும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கு எப்போது என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது அவர் தலைக்குள் இருக்கும், நோட்டில் இருக்காது. அவரைக் கேள்வி கேட்பதே நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். "அவர் இல்லையென்றால் சங்கமே இல்லை" என்று அவர் சொல்ல மாட்டார், மற்றவர்கள் சொல்வார்கள். இந்தப் பேச்சை முடிக்க ஒரு தேதி தேவைதான். யாரையும் குற்றம் சாட்டாமல், யார் முகத்தையும் சுருக்காமல், "விதி அப்படி" என்று சொல்லி ஒருவரை எழுப்பிவிடக்கூடிய வழி வேறு எதுவும் இல்லை. இங்கே நம் மாநிலச் சட்டம் பாதி தூரம்தான் வந்தது. மூன்றாண்டு என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே மறுபடி வரலாம் என்றும் சொன்னதால், பெரும்பாலான சங்கங்களில் தேர்தல் என்பது படிவம் 7ஐ நிரப்பி மாவட்டப் பதிவாளரிடம் கொடுப்பதாகச் சுருங்கிப்போனது. லோதா குழு அந்த மீதிப் பாதியை நடந்து காட்டியது.

ஆனால் அந்தக் கெடுவுக்கு என்ன ஆனது? 2016 ஜூலையில் நீதிமன்றம் பரிந்துரைகளை ஏற்றது. வாரியம் முரண்டு பிடித்தது. 2017 ஜனவரியில் தலைவரும் செயலாளரும் நீக்கப்பட்டார்கள். 2018 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் கெடுவைத் தளர்த்தியது: ஒரு தடவைக்குப் பிறகல்ல, தொடர்ந்து இரண்டு தடவைக்குப் பிறகு ஓய்வு. 2022 செப்டம்பரில் மறுபடி தளர்த்தியது: மாநிலச் சங்கத்தில் ஆறு, வாரியத்தில் ஆறு, ஆகப் பன்னிரண்டு ஆண்டு தொடரலாம். அனுபவம் வீணாகக்கூடாது என்பது வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்று ஆறாகி, ஆறு பன்னிரண்டாகும்போது அதைக் கெடு என்று சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. இதற்கிடையே ஒரு வேடிக்கை. விதிகளைத் திருத்த நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. 2019 டிசம்பரில் வாரியம் தளர்வு கேட்டுத் தீர்மானம் போட்டது. தீர்ப்பு வர ஏறக்குறைய மூன்றாண்டு. அதுவரை, கணக்குப்படி ஓய்வுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் பதவியிலேயே இருந்தார்கள். ஓய்வுக்காலத்தை வழக்கின் நிலுவைக்காலம் தின்றுவிட்டது.

அதை விடப் பெரிய ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருந்தது. நீக்கப்பட்ட தலைவரின் தம்பி 2019இல் வாரியப் பொருளாளர் ஆனார். தமிழ்நாட்டுச் சங்கத்துக்கு அதே ஆண்டில் முன்னாள் வாரியத் தலைவர் சீனிவாசனின் மகள் தலைவரானார். மாநில கிரிக்கெட் சங்கம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் என்று செய்தி வந்தது. இதில் எதுவும் விதிமீறல் இல்லை. இவர்களுக்குத் தகுதி இல்லை என்று நான் சொல்லவும் இல்லை. விதி ஆளைத்தான் எழுப்பியது, குடும்பத்தை அல்ல என்பதே என் பேச்சு. நம் ஊர்க் கோயில் கமிட்டியில் இதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோமே! அப்பா முறை முடிந்தால் மகன் முறை. கணக்கு நோட்டு அதே பீரோவில்தான் இருக்கும்.

பாடநூல் எழுதியவர்கள் தரப்பிலும் ஒரு கோணல் உண்டு. வாரியத்தைப் பார்த்துக்கொள்ள 2017 ஜனவரி இறுதியில் நால்வர் நிர்வாகக் குழுவை நீதிமன்றம் அமர்த்தியது: வினோத் ராய், ராமச்சந்திர குஹா, விக்ரம் லிமாயே, டயானா எடுல்ஜி. சில மாதங்களில் குஹா விலகினார், பிறகு லிமாயே போனார். மிச்சம் இரண்டு பேர். 2019 பிப்ரவரியில் மூன்றாமவர் வரும்வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்த இருவர்தான். மகளிர் அணிப் பயிற்சியாளர் விவகாரத்தில் இருவரும் வெளிப்படையாகவே முரண்பட்டார்கள். இரண்டு பேர் குழுவில் ஒருவர் ஆம் என்று மற்றவர் இல்லை என்றால் தீர்மானம் எது? மூன்று பேருக்குக் குறையாத செயற்குழு என்பது இங்கே மிகச் சிறிய சங்கத்துக்கும் உள்ள விதி. சங்கத்தைத் திருத்த வந்த குழுவுக்கு அந்த எண்ணிக்கை வாய்க்கவில்லை. முப்பத்து மூன்று மாதம் நடந்த அந்த நிர்வாகத்தை யார் கேள்வி கேட்க முடிந்தது? உறுப்பினர்களால் அல்ல. வெளியிலிருந்து வரும் சுத்தம் உள்ளே இருப்பவர்களைப் பார்வையாளர்களாக்கிவிடுகிறது.

ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற பரிந்துரை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் மும்மூன்று வாக்குகள், பிகாருக்கு ஒன்றுமில்லை என்ற நிலை நியாயமில்லாதது. மும்பையின் ரஞ்சி வரலாற்றை வைத்துப் பார்த்தால் அதன் வாக்கைப் பறித்ததும் முரட்டுத்தனம். 2018இல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவர்கள் புதிய மாநிலங்களுக்குக் கிடைத்ததைப் பறிக்கவில்லை. 2018-19 ரஞ்சிப் பருவத்தில் பிகாரும் வடகிழக்கு மாநிலங்களும் உத்தரகாண்டும் புதுச்சேரியும் களமிறங்கி, அணிகள் முப்பத்தேழாயின. புதுச்சேரிப் பையன் தன் ஊர் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ரஞ்சி ஆடினான் என்றால், அதற்குப் பின்னால் இருப்பது உறுப்பினர் பட்டியலில் செய்த ஒரு திருத்தம்.

எனக்கு அந்த அறிக்கையில் மிகப் பிடித்த பகுதி, யாரும் அதிகம் சண்டை போடாத ஒன்று. ஒன்பது பேர் கொண்ட உச்சக் குழுவில் ஆட்டக்காரர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். கணக்குத் தணிக்கைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவரும் வர வேண்டும். இதற்காகவே 2019இல் முன்னாள் ஆட்டக்காரர்களின் சங்கம் ஒன்று பிறந்தது. அதன் சார்பில் அன்ஷுமன் கெய்க்வாடும், சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியும் குழுவுக்குப் போனார்கள். ஒன்பதில் மூன்று வாக்கு எதையும் வெல்லாது. ஆனால் வாக்கெடுப்பு அல்ல இங்கே விஷயம். அறையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் பேசும் தொனியே மாறும். "நமக்குள்ளே" என்று தொடங்கும் வாக்கியங்கள் பாதியில் நிற்கும். காகிதம் முன்கூட்டியே வரவேண்டியிருக்கும், ஏனென்றால் அவருக்குப் பழைய கதை தெரியாது. பழைய கதை தெரியாத ஒருவர் கேட்கும் அசட்டுக் கேள்விக்கு இணையான தணிக்கை கிடையாது.

இங்கிருந்து நம் தெருவுக்குத் திரும்பலாம். சங்கங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் பலரும் இப்போது முதலில் கேட்பது சுழற்சிமுறை இருக்கிறதா என்பதைத்தான். நாற்பது வீடு கொண்ட குடியிருப்பில் இதை இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். பொருளாளராக வர யாரும் கை தூக்க மாட்டார்கள். பணம் பார்க்க நினைப்பவர்கள் நிறைந்த இடத்தில்தான் நாற்காலிக்குக் கெடு பொருந்தும். ஆள் கிடைக்காத இடத்தில் அது சங்கத்தையே மூடவைக்கும். இருபது ஆண்டுச் செயலாளர்களில் பாதிப்பேர் பேராசையால் அல்ல, வேறு ஆள் வராததால்தான் அங்கே இருக்கிறார்கள். அவர்களை விதியால் எழுப்புவது நன்றிகெட்டது மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட. சிறிய சங்கத்துக்கு வேண்டியது சட்டத்தில் ஏற்கெனவே கிடக்கிறது: ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, இருபத்தோரு நாள் முன்னறிவிப்பு, தணிக்கையான கணக்கு. முன்னறிவிப்போடு கணக்கையும் அனுப்பிவிட்டால் போதும். ஆனால் நடப்பது என்ன? அழைப்பிதழ் இருபத்தோரு நாள் முன்னால் வரும். கணக்கு அன்று காலை வடையோடு வரும்.

சட்டத்தை மீறினால் பதிவாளரிடம் போகலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் அவர் விசாரிக்கலாம். ஆனால் யார் உண்மையான நிர்வாகி என்ற சண்டையைக் கடைசியில் உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும். அங்கே வழக்கு முடிவதற்குள் நிர்வாகிகளின் பேரன்கள் நிர்வாகிகளாகிவிடுவார்கள். அதனால் வெளியே உள்ள மருத்துவமனையை நம்பி உள்ளே நோயை வளர்க்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

நான் பொருளாளராக இருந்த ஒரு சங்கத்தில் பம்ப் மாற்ற வேண்டியிருந்தது. மூன்று மதிப்பீடுகள் வந்தன. அதில் ஒன்று செயலாளருடைய மச்சினன் கடையுடையது. விலையும் அதுதான் குறைவு. யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் யாரும் அதைச் சொல்லவுமில்லை. உறவை மினிட் நோட்டில் எழுதிவிடலாம், முடிவு எடுக்கும்போது அவர் கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்றேன். செயலாளருக்கு முகம் சிவந்தது. "என் மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்றார். இருக்கிறது, அதனால்தான் எழுதச் சொல்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எழுந்து வெளியே போனார். நாங்கள் பேசி முடித்து, அதே கடைக்குக் கொடுக்கலாம் என்று எழுதி, கதவைத் திறந்தபோது மாடிப்படியில் ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் ஃபிளாஸ்க். "எப்படியும் வெளியே நிக்கணும்னு ஆயிடுச்சு, அதான் டீ வாங்கிட்டு வந்தேன்" என்றார்.