பாடையும் அமரர் ஊர்தியும்

'அமரர் ஊர்தி' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு ஓடும் வண்டியைத் தமிழ்நாட்டில் இன்று பார்க்காதவர் இருக்க முடியாது. அரசு மருத்துவமனையில் செத்தவரை வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிற இலவச வண்டிக்கும் அதுதான் பெயர். பிணவண்டி, சவவண்டி என்று சொல்லிக்கொண்டிருந்ததை நாகரிகப்படுத்திவிட்டதாகத் தமிழ் ஆர்வலர்களுக்குப் பெருமை. இந்த நாகரிகம் யாருடையது, அது எதை மூடி மறைக்கிறது என்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லைப் பிரிப்போம். ஊர்தி தமிழ், ஊர்தல் என்றால் நகர்தல், ஏறிச் செல்லுதல். அமரர் வடமொழி, மரணம் இல்லாதவர், அதாவது தேவர். திருக்குறள் அடக்கமுடைமையில் வரும் அமரரும் தேவர்தான். ஆகச் செத்தவரைத் தூக்கிப்போகும் வண்டிக்குச் 'சாகாதவர் வண்டி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சாவைச் சொல்வதில் இந்தச் சமூகம் எப்போதுமே படிக்கட்டு வைத்துத்தான் பேசியது. ராஜா சாகமாட்டான், துஞ்சுவான். சுந்தர சோழனைப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்கின்றன கல்வெட்டுகள். சைவர் சிவலோக பதவி அடைவார், வைணவர் வைகுண்ட பதவி அடைவார். பெரிய எழுத்தாளர் 'அமரர் கல்கி' ஆவார். சேரியில் மட்டும் செத்துப்போவார்கள். இன்று வண்டியில் ஏறுகிற எல்லாருமே அமரர் என்றால் படிக்கட்டு இடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். இடியவில்லை.

பழைய சொல் பாடை. தெலுங்கிலும் பாடெதான். படு, பாடு, பாடை என்று அதை வாசிக்கிறேன் நான். படுத்துக் கிடப்பதைச் சொல்லும் சொல். பச்சை மூங்கிலை வெட்டி, குறுக்கே கழி வைத்துக் கட்டி, மேலே கீற்றைப் போட்டால் பாடை. வெட்டவும் கட்டவும் சுமக்கவும் ஆள் வேண்டும் என்பது அந்தச் சொல்லோடேயே வருகிறது. சனங்களின் வாயில் அது இன்னும் சாகவில்லை. 'பாடையில போக', 'கட்டையில போக' என்று திட்டுகிறார்கள். வலங்கைமான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு நோயிலிருந்து பிழைத்தவர்கள், பிணம்போலப் பாடையில் படுத்துக் காவடி எடுக்கிறார்கள். சாவை அருவருக்காத, அதோடு வம்பு பேசுகிற ஒரு மொழி அது. அமரர் ஊர்தியைச் சொல்லி யாரையும் திட்ட முடியாது.

அதற்காகப் பாடையைப் பழம்பெருமையாகத் தூக்கிப்பிடிக்கவும் நமக்கு நியாயமில்லை. புறநானூறு 286இல் ஔவையார் பாடையைக் 'கால்கழி கட்டில்' என்கிறார். கால் இல்லாத கட்டில். 360ஆம் பாட்டில் பாடைக்கு 'வெள்ளில்' என்று பெயர். பாடை இறக்கப்பட்ட பிறகு, செத்தவனுக்குப் புல்லின்மேல் சோறு படைக்கச் சொல்லி ஏவுகிறவன் யார்? 'புலையன்' என்கிறது அந்தப் பாட்டு. 363ஆம் பாட்டில் அந்தச் சுடுகாட்டுச் சோற்றைக் கொடுக்கிறவன் 'இழிபிறப்பினோன்'. எம்.ஏ. வகுப்புகளில் இவற்றை நிலையாமைப் பாட்டு என்று நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அரசனுடைய வாழ்வு நிலையாதது, சரி. அவனுக்குக் கடைசிச் சோறு கொடுக்கிறவனின் இழிவு மட்டும் நிலையானதாக எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காத வாசிப்பு என்ன வாசிப்பு? மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டிலும் நால்வகை வருணத்துக்கும் வேறுபாடு காட்டித்தான் கோட்டங்கள் எழுப்பியிருக்கிறார்கள். செத்த பிறகும் வருணம் சாகவில்லை.

வண்டி வந்ததில் நமக்கு ஒரு நன்மை உண்டு. அடுத்தவன் வீட்டுப் பாடைக்கு மூங்கில் வெட்டவும், முன்னால் பறையடித்துப் போகவும் நம்மைக் கூப்பிட்ட அதிகாரம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குழி வெட்டுகிறவர், எரிக்கிறவர் யார் என்று எந்தச் சுடுகாட்டில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். வண்டியில் எழுதிய சொல் அந்தக் கைகளைப் பற்றிப் பேசாது.

பாதையைப் பற்றியும் பேசாது. 2016 ஜனவரியில், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருநாள்கொண்டசேரியில் தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோகச் சாதி இந்துக்கள் விடவில்லை. கொண்டுபோகலாம் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல்துறை என்ன செய்தது? உடலைத் தானே எடுத்துக்கொண்டுபோய், வழக்கமான மாற்றுவழியிலேயே அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில் நிலத்தை வேலியிட்டு மறித்துவிட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். இந்த உடல்களும் அமரர்தானே? இவர்களுக்கு ஊர்தி எந்த ஊர் வழியாக ஓடும்? ஊர்தியில் இருக்கிற 'ஊர்' வேறு, சேரிக்கு எதிரே நிற்கிற 'ஊர்' வேறு என்று இலக்கணம் சொல்லும். நடைமுறையில் அந்த ஊர்தான் இந்த ஊர்தியின் பாதையைத் தீர்மானிக்கிறது.

சட்டம் இந்த இரண்டையும் பெயர் சொல்லிப் பேசியிருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிணம் சுமக்கவும் குழி வெட்டவும் வைப்பது அதன்படி குற்றம். சுடுகாட்டையும் இடுகாட்டையும் பொதுப்பாதையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம். கையும் பாதையும் இரண்டுமே அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. 'அமரர் ஊர்தி'யில் இரண்டும் இல்லை.

நல்ல தமிழ்ச் சொல் ஆக்குகிறோம் என்கிறவர்களிடம் நாம் கேட்பது இதுதான். எங்களைத் தேவராக்க வேண்டாம். பிணவண்டி என்றே எழுதுங்கள், பாடை என்றே சொல்லுங்கள். எங்கள் பிணம் உங்கள் தெரு வழியாகப் போகட்டும். குழி வெட்டுகிற வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வரட்டும். அதற்குப் பிறகு என்ன பெயர் வைக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்.