லீவு கேட்டால் மூச்சுப் பயிற்சியா?

ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ராணுவத்துக்குப் போனவர், ஜம்முப் பக்கம் பணியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு வர, சேலம் வழியாக நேராக ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அது வாரத்துக்கு ஒருமுறைதான். வண்டிக்குள்ளேயே இரண்டு நாளுக்கு மேல் ஓடிவிடும். சேலத்தில் இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காடு ஒண்டிக்கடையில் வேறு வண்டி பிடித்தால்தான் வீடு. விதிப்படி ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அப்பாவுக்கு ஆபரேஷன் நடக்கும் வாரத்தில் அது கிடைக்குமா என்பதுதான் கேள்வி. வீரர்களுக்கு மனவலிமைப் பயிற்சி தருவது பற்றிய பேச்சை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

இத்தகைய பயிற்சியைப் பெரிய அளவில் செய்து பார்த்தது அமெரிக்கத் தரைப்படை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களிடம் மனநோயும் தற்கொலையும் பெருகிய நிலையில், 2009-இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் துணையோடு படை முழுவதற்கும் ஒரு திட்டம் வந்தது. அதற்கு அடிப்படை, பள்ளிப் பிள்ளைகளின் மனச்சோர்வைத் தடுக்கப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் உருவாக்கிய பாடத்திட்டம். அன்றாடம் நடந்த நல்ல விஷயங்களைத் தேடிக் குறித்து வைப்பது அதில் ஒரு பயிற்சி. பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைக்கு அது உதவலாம். நேற்றுவரை பக்கத்தில் நின்றவன் கண்ணிவெடியில் சிதறியதைப் பார்த்தவனிடம் அதே நோட்டை நீட்டுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 2014-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் (இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்) ஆய்வுக்குழு, படைகளில் நடக்கும் இத்தகைய தடுப்புத் திட்டங்கள் பலவற்றுக்கும் போதிய சான்று இல்லை என்றது.

அதற்காகப் பயிற்சியே வீண் என்று தள்ளிவிட முடியாது. அதே படையில் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தார் வகுத்த இன்னொரு முறை, போரிலிருந்து திரும்பியவர்களைக் குழுவாக உட்கார வைத்து, களத்தில் நடந்ததையும் வீட்டில் இனி வரப்போகும் சிக்கல்களையும் பேச வைத்தது. கடும் சண்டையைக் கண்டவர்களிடம் அது ஓரளவு பலன் தந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரிட்டனின் ராயல் மரீன்கள் வளர்த்த முறையில், கூட இருக்கும் வீரரே பயிற்சி பெற்று, சக வீரரின் நடத்தை மாறுவதைக் கவனித்துப் பேச்சுக் கொடுக்கிறார். வெளியிலிருந்து வரும் நிபுணரைவிட, தூக்கம் கெட்டவன் யார், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனவன் யார் என்று அவருக்கு முதலில் தெரியும். இந்த வகைப் பயிற்சிக்கு என் ஓட்டு உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். யோகா, தியானம், மனநல ஆலோசகர் என்று ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனால் டெல்லியின் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷனில் ஒரு கர்னல் நடத்திய ஆய்வு 2021 தொடக்கத்தில் செய்தியானபோது, ஜவான்களின் மன அழுத்தத்துக்கு அது சொன்ன காரணங்கள் வேறு மாதிரி இருந்தன: லீவு தாமதமாவது அல்லது மறுக்கப்படுவது, ஓய்வில்லாத வேலை, வீட்டுப் பிரச்சினை, மேலதிகாரிகள் அவமதிப்பது. மாதிரி மிகச் சிறியது என்று ராணுவம் அந்த ஆய்வை ஏற்கவில்லை. அந்த ஆட்சேபத்தில் நியாயமும் இருக்கலாம். என்றாலும், மேலே சொன்னவற்றில் எதுவும் மூச்சை இழுத்துவிட்டுச் சரிசெய்யக்கூடியது அல்ல. துணை ராணுவத்தில் நிலைமை இன்னும் மோசம்: 2018 முதல் 2022 வரை 650-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டதாக நாடாளுமன்றத்திலேயே கணக்குச் சொல்லப்பட்டது. ஆண்டுக்கு 100 நாளாவது குடும்பத்தோடு இருக்க விடவேண்டும் என்று உள்துறை அமைச்சர் 2019-இல் அறிவித்ததற்கு, நோய் எங்கே என்று அரசுக்கே தெரியும் என்பதைத் தவிர வேறு என்ன பொருள்?

தமிழ்நாடு காவல்துறையின் அனுபவம் இங்கே உதவும். 2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் துணையோடு காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கியது. குடும்பத்தாரையும் கணக்கில் எடுத்தது அதன் நல்ல அம்சம். ஆனாலும் வார ஓய்வுக்கான அரசாணை 2021-இல்தான் வந்தது. வரிசை தலைகீழாக நடந்திருக்க வேண்டும்.

மனவலிமைப் பயிற்சியில் எனக்குள்ள பெரிய குறை, அது பழியை இடம் மாற்றிவிடுகிறது என்பதே. வகுப்பில் உட்கார்ந்த பிறகும் உடைந்து போனால் ‘இவன் பலவீனன்’ என்றாகிவிடும். லீவைக் கிடப்பில் போட்ட அதிகாரியை யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று கணக்குக் காட்டும் ஒவ்வொரு படைப்பிரிவும், எத்தனை லீவு விண்ணப்பங்களை ஏன் மறுத்தோம் என்பதையும் அதே அறிக்கையில் எழுதட்டும்.