கண்ணாடி நெகட்டிவைப் படிக்கக் கற்போம்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும் காலம் இது. தாராவியிலும் வீடு மாறுவது பற்றித்தான் பேச்சு. பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகள் இறங்குகின்றன. சில பெட்டிகளின் அடியில், அளவுக்கு மீறிக் கனக்கும் சின்ன அட்டைப்பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடிகள். வெளிச்சத்தில் பிடித்தால் வேட்டி கறுப்பாகவும் தலைமுடி வெளுப்பாகவும் ஓர் ஆள் தெரிவார். ஊரிலிருந்து உங்கள் குடும்பத்தோடு பம்பாய் வந்து சேர்ந்த நெகட்டிவ் அது.

காகிதப் படத்தை எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். பிளேட் எனப்படும் இந்தக் கண்ணாடி நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். கொள்ளுப்பாட்டி கேமராவின் முன் உட்கார்ந்தபோது அவர் முகத்தில் பட்ட வெளிச்சம் நேராக வந்து பதிந்தது இந்தக் கண்ணாடியில். அதனால்தான் அதைத் துடைத்துப் புதிதாக்கும் அவசரம் கூடாது. நாம் அழுக்கென்று நினைப்பதில் பாதி அதன் வரலாறு.

எப்படிப் பிடிப்பது

மேசையில் மெத்தென்ற துணியை விரித்து, மேலே வெள்ளைத்தாள் போடுங்கள். பிளேட்டின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். நைட்ரைல் கையுறை இருந்தால் நல்லது. ஒரு பக்கம் பளபளக்கும். அது வெறும் கண்ணாடி. மறுபக்கம் மங்கலாக இருக்கும். படம் அங்கேதான் படிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை விரல் தொடக்கூடாது, மேசையும் தொடக்கூடாது. லைட் பாக்ஸ் இல்லாவிட்டால் பகல் வெளிச்சம் உள்ள ஜன்னல் போதும்.

வயது சொல்லும் தடயங்கள்

கண்ணாடியில் படமெடுக்கும் கொலோடியன் முறையை ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்டார். பம்பாய் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி 1854இலேயே தொடங்கிவிட்டது. டாக்டர் பாவு தாஜி லாட் அதில் உறுப்பினர். கொலோடியன் முறையில் ரசாயனத்தைக் கண்ணாடியில் கையால் ஊற்றிப் பரப்பி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஊற்றிய தடம் ஓரங்களில் அலையலையாக நிற்கும். ஒரு மூலையில் ரசாயனம் படியாத திட்டோ, பிடித்திருந்தவரின் கட்டைவிரல் தடமோ இருக்கும். நிறம் பாலில் கலந்த காபிபோல் தெரியும். இத்தனையும் சேர்ந்திருந்தால் அந்தப் பிளேட் பெரும்பாலும் 1880க்கு முந்தையது.

ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் 1871இல் ஜெலட்டின் பூசிய உலர் பிளேட்டுக்கு வழி காட்டினார். 1880 வாக்கில் அது ஆலையில் தயாராகிப் பெட்டி பெட்டியாக வந்தது. இதில் பூச்சு ஓரம்வரை சீராக இருக்கும். கண்ணாடி ஒரே கனத்தில் இருக்கும். நிறம் சாம்பலும் கறுப்புமாகத் தெரியும். ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு ஏறியிருக்கும். பூச்சிலுள்ள வெள்ளி ஈரத்தாலும் காற்றிலுள்ள மாசாலும் மெல்ல வெளியேறி மேலே படிவதால் வருவது அது. தமிழ் வீடுகளில் அகப்படுபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

அளவும் உதவும். ஸ்டூடியோக்காரர்கள் ‘ஆஃப் பிளேட்’ என்பது 4¾க்கு 6½ அங்குலம்; ‘ஃபுல் பிளேட்’ 6½க்கு 8½. பெட்டியின் மேல் ‘இல்ஃபோர்ட்’ என்றோ ‘கோடக்’ என்றோ இருந்தால் அதை மட்டும் நம்பி வருடம் குறிக்காதீர்கள். காலிப் பெட்டியில் வேறு பிளேட்டுகளைப் போட்டுவைப்பது எல்லா ஸ்டூடியோவிலும் வழக்கம்.

சட்டம் போட்ட காகிதப் படமும் கூடக் கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சட்டம் போட்ட கடையின் முத்திரையில் ‘பம்பாய்-19’ என்றிருந்தால் அது மாட்டுங்காவைக் குறிக்கும். அது பெரும்பாலும் பின்கோடு வந்த 1972க்கு முந்தையது. ‘400019’ என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. ஆனால் அது சட்டம் போட்ட காலம். படம் எடுத்த காலம் அதற்கும் வெகு முன்னே இருக்கலாம்.

பொட்டு ஏன் இவ்வளவு கறுப்பு?

பழைய பிளேட்டுகளுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகத் தெரியும். பின்னால் வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் பிளேட்டுகளுக்குப் பச்சையும் தெரிந்தது, சிவப்பு தெரியவில்லை. எல்லா நிறத்தையும் உணரும் பிளேட் 1906இல்தான் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகும் ஸ்டூடியோக்கள் பழையதை எளிதில் விடவில்லை. ஆகவே காகிதப் பிரதியில் குங்குமப்பொட்டு கரும்புள்ளியாக விழும். அரக்குப் பட்டு கறுப்புச் சேலையாகத் தோன்றும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இருண்டு தெரியும். வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். படத்தைப் பார்த்து யாருடைய நிறத்தையும் தீர்மானிக்க வேண்டாம்; கறுப்பாக விழுந்த இடத்தில் சிவப்பையும் மஞ்சளையும் மனத்தில் நிரப்பிப் பாருங்கள். கல்யாணக் கோலம் அப்போதுதான் கண்ணுக்கு வரும்.

டச்சிங் செய்த கை

மங்கலான பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கன்னத்திலும் கண்ணடியிலும் மிக நுண்ணிய பென்சில் கோடுகள் தென்படும். அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் குறைக்க டச்சிங் கலைஞர் பூதக்கண்ணாடி வைத்துச் செய்த வேலை அது. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் காகிதத்தில் வெளுக்கும். ஆளைச் சுற்றிச் சிவப்புச் சாயமோ கறுப்பு மையோ பூசியிருந்தால், பின்னணியை மறைத்து ஆளை மட்டும் தனியே எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில் கீறிய எண் ஸ்டூடியோ பதிவேட்டின் எண். பெயர் தெரியாமல் போன அந்தக் கலைஞரின் கையெழுத்து இந்தக் கோடுகள்தான். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அத்தனையும் போய்விடும்.

இடமா, வலமா?

நெகட்டிவைக் கண்ணாடிப் பக்கமிருந்து பார்த்தால்தான் இடம் வலம் சரியாக வரும். பூணூல் இடத்தோளில் இருக்கிறதா பாருங்கள். சேலைத் தலைப்பை வைத்து முடிவு செய்யும்போது கவனம் தேவை: ஐயர் மடிசாரில் தலைப்பு வலத்தோளில் வரும்; ஐயங்கார் மடிசாரில் இடத்தோளில் வரும். திருப்பிப் பிரதியெடுத்தால் ஒரு குடும்பத்தின் அடையாளமே மாறிவிடும்.

மும்பை மழையிலிருந்து காக்க

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரமே முதல் எதிரி. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சிப் பொங்கும், பூஞ்சை பிடிக்கும், சுற்றிய தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தாளை இழுக்காதீர்கள்; அப்படியே நிபுணரிடம் காட்டுங்கள்.

செய்தித்தாளை மாற்றி, ஒவ்வொரு பிளேட்டையும் அமிலமில்லாத தாளுறையில் தனித்தனியே போட்டு, நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி அடுக்குங்கள். விரிசல் விட்டதைப் படுக்கவைத்து வையுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் அடுப்படிப் பரணும் வேண்டாம். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். தூசியை ரப்பர் ஊதுகுழலால் ஊதினால் போதும். தண்ணீர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம், செல்லோடேப் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கொலோடியன் பிளேட்டில் ஸ்பிரிட் பட்டால் படமே கரையும்.

சீர்செய்வது நகலில் மட்டும்

உடைந்த துண்டுகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். லைட் பாக்ஸில் சேர்த்துவைத்துப் படமெடுங்கள். உடைந்த கோட்டைப் பிறகு கணினியில் மறைக்கலாம். முதல் நகலில் எதையும் திருத்தாமல் அப்படியே சேமியுங்கள். இன்னொரு நகலில் பூஞ்சைப் புள்ளியையும் கீறலையும் நீக்கலாம். முகத்தைக் கணினியே ‘தெளிவாக்கி’த் தரும் செயலிகளிடம் எச்சரிக்கை தேவை: அவை இல்லாத கண்ணையும் உதட்டையும் ஊகித்து வரைகின்றன. அழகான முகம் கிடைக்கும். உங்கள் பாட்டியின் முகமாக இராது.

கோட்டைப் பகுதியிலுள்ள சத்ரபதி சிவாஜி மகராஜ் வஸ்து சங்கிரகாலயத்தில் கலைப்பொருள் பாதுகாப்பு மையம் இருக்கிறது. மோசமாகப் பழுதான பிளேட்டுக்கு அங்கே ஆலோசனை கேட்டுப் பாருங்கள். 1896இல் பம்பாயில் ஸ்டூடியோ திறந்த ராஜா தீன் தயாளின் 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை தில்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் காத்துவருகிறது. தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு செய்தது. அரசர்களின் படங்களோடு சாதாரணக் குடும்பங்களின் படங்களுக்கும் ஆவண மதிப்பு உண்டென்று காட்டிய பணி அது.

கடைசியாக, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிரதியைக் காட்டி, யார் யார் என்று கேளுங்கள். பெயர், ஊர், உறவுமுறை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது எல்லாவற்றையும் உறையின் மேல் பென்சிலால் எழுதிய பிறகே பிளேட்டை உள்ளே போடுங்கள். பிளேட்டின் வயதை அடுத்த தலைமுறையும் கண்டுபிடித்துக்கொள்ளும். பெயரை, சொல்ல ஆள் இருக்கும்போதுதான் கேட்டு வாங்க முடியும்.