புறநானூற்றுப் போரறமும் தஞ்சப் பள்ளிகளும்

முன்னுரை

பழந்தமிழர் போரறத்திற்குச் சான்றாக ஆய்வாளர் பெரிதும் எடுத்துக்காட்டுவது புறநானூற்றின் 9ஆம் பாடலாகும். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது இப்பாடல். அம்பு எய்வதற்கு முன்னர்ப் பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியாளர், முன்னோர்க்குக் கடனாற்றும் புதல்வரைப் பெறாதோர் ஆகியோரை அரண் சென்று சேருமாறு அறிவிக்கும் மரபை இது காட்டுகிறது. இன்றைய போர்ச் சட்டங்களுக்கு இப்பாடலே முன்னோடி என்னும் கருத்து கருத்தரங்குகளில் அடிக்கடி வலியுறுத்தப்படுகிறது. தஞ்சம் புகுந்த பள்ளிகளே தாக்குதலுக்கு உள்ளான ஈழப்போர் நிகழ்வுகளின் முன் இக்கருத்து எவ்வளவு நிலைபெறும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவிப்பும் அரணும்

பாடலில் போர் தொடுப்போனின் கடமை அறிவித்தலோடு முடிகிறது. அறிவிப்பைக் கேட்டோர் அரணுக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வரணையே போர் எட்டுமானால் நேர்வது யாது என்னும் வினா பாடலில் எழவில்லை. களம் வேறு, அரண் வேறு என்னும் துணிவு அதன் அடிப்படையாக உள்ளது. அம்பு செல்லும் தொலைவே போரின் எல்லையாக இருந்த காலத்திற்கு அத்துணிவு பொருந்துவதாகும்.

எறிகணைப் போரில் அது பொருந்தவில்லை. 2006 ஆகஸ்டுத் தொடக்கத்தில் மூதூரில் நிகழ்ந்த மோதலின்போது அரபுக் கல்லூரியில் தஞ்சமடைந்திருந்த முஸ்லிம் மக்கள் எறிகணைக்குப் பலியாயினர். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டம் வாகரையை அடுத்த கதிரவெளியில், விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோர்மீது இலங்கைப் படையின் எறிகணைகள் வீழ்ந்ததில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விடுதலைப் புலிகள் மக்களைக் கேடயமாகப் பயன்படுத்தினர் என்று படைத்தரப்பு கூறியது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவோ அவ்விடத்தில் படை நிலை எதனையும் காணவில்லை எனத் தெரிவித்தது.

2009ஆம் ஆண்டு நிகழ்வுகள் இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானவை. சனவரி, பிப்ரவரி, மே ஆகிய திங்கள்களில் அரசு மும்முறை பாதுகாப்பு வலயங்களை அறிவித்தது. ஆக, புறநானூறு வேண்டும் அறிவிப்பு அங்கு நிகழவே செய்தது. உடையார்கட்டு, புதுமாத்தளன் ஆகிய இடங்களில் பள்ளிகள் தற்காலிக மருத்துவமனைகளாக மாறின. அவ்வலயங்கள்மீதும் மருத்துவமனைகள்மீதும் எறிகணை வீச்சு நிகழ்ந்ததென்பது நம்பத்தக்க குற்றச்சாட்டு என ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கண்டது. புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும், மக்களுக்கு அருகிலிருந்து சுட்டதையும் அக்குழு பதிவு செய்துள்ளது.

இங்கு ஒரு தலைகீழ் மாற்றம் காணப்படுகிறது. புறப்பாடலில் வில்லேந்தியோன் எளியோருக்கு அறிவிக்கிறான். வன்னியிலோ மருத்துவமனைகளின் அமைவிடம் படைத்தரப்புக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. தெரிந்த இடமாக இருந்தும் அவை காக்கப்படவில்லை. ஆகவே, அறிவிப்பு ஒன்றையே அறமாகக் கொள்ளுதல் இயலாது என்பது பெறப்படும்.

ஒரு புலவர், இரு பாடல்கள்

இக்குறைபாடு பாடலைவிட அதனைப் படிக்கும் முறையையே மிகுதியும் சாரும். அதே நெட்டிமையார் அதே முதுகுடுமியைப் பாடிய 15ஆம் பாடலில், பகைவர் நகரத் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதும், விளைவயல்களில் தேரோட்டியதும், காவலுடைய குளங்களில் யானைகளைப் படிவித்ததும் புகழ்ச்சியாகவே கூறப்படுகின்றன. பாழாக்கப்பட்ட அவ்வூரில் முன்பு அரண் தேடிச் சென்றோர் நிலை என்ன ஆயிற்று என்பதற்கு விடை இல்லை. 9ஆம் பாடலை மட்டும் எடுத்து 15ஆம் பாடலை விடுத்து எழுதப்படும் போரற ஆய்வு அரைச் சான்றின்மேல் நிற்பதாகும். இரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும்போதே அறமும் வெற்றிச் செருக்கும் ஒரே புலவர் நாவில் இணைந்திருந்தமை புலனாகும்.

சிலம்பு காட்டும் வேறுபாடு

சேரர் மரபினராகப் பதிகம் கூறும் இளங்கோவடிகளின் காப்பியத்தில் இச்சிந்தனை வேறு வடிவம் பெறுகிறது. வஞ்சின மாலையில் கண்ணகி தீக்கடவுளை ஏவும்போது பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்குமாறு பணிக்கிறாள். புறப்பாடலில் இடம்பெறாத முதியோரும் குழந்தைகளும் இங்குச் சேர்க்கப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது. அதனினும் முதன்மையானது, கடமை இடம் மாறியிருப்பதாகும். எளியோர் விலகிச் செல்லவேண்டுவதில்லை. அழிக்கும் கருவியே அவர்களைப் பிரித்தறிந்து விலகவேண்டும். போரிடுவோரையும் பொதுமக்களையும் வேறுபடுத்துக என 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் ஜெனீவா நெறிமுறை வலியுறுத்தும் கொள்கைக்குப் புறப்பாடலினும் சிலம்பே நெருக்கமானது எனலாம். எனினும், மதுரை எரிந்தது என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

கதிரவெளியில் மாண்டோர் அரண் சேராதோர் அல்லர், சேர்ந்தபின் மாண்டோர். 2023 அக்டோபர் முதல் காசாவில் பள்ளிகளில் தஞ்சமடைந்து உயிரிழந்தோர்க்கும் இது பொருந்தும். எனவே, அறிவித்தலைத் தமிழர் போரறத்தின் முழுமையாகக் கொள்ளாது, அரணைக் காத்தல் யார் கடமை என்னும் வினாவையும் சேர்த்தே புறப்பாடல்கள் இனிக் கற்பிக்கப்படுதல் வேண்டும். அவ்வினாவைத் தவிர்த்துக் கொள்ளும் பெருமிதம், அறிவிப்பை மதித்துப் பள்ளிக்குள் சென்று இறந்தோர்க்கு எதனையும் சொல்லவல்லதன்று.