சன்ரூஃப் இரைச்சல்: காதுக்குக் கேட்டது ஆப்புக்கு ஏன் கேட்கவில்லை?

போன மாதம் குடும்பத்தோடு ஈ.சி.ஆரில் போய்க்கொண்டிருந்தோம். சன்ரூஃபை முழுசாகத் திறந்ததும் காருக்குள் 'டுப் டுப் டுப்' என்று ஒரே அதிர்வு. பின்சீட்டிலிருந்து அம்மா, "டேய், காது ரெண்டும் அடைக்குதுடா, அதைச் சாத்து" என்றார். மனைவி போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்தாள். 65 டெசிபல். "நாம பேசுற சத்தம்தாம்மா" என்றேன். அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நோண்டிப் பார்த்ததில் தப்பு என் மேல்தான் என்று புரிந்தது.

காற்று உள்ளே புகுவதால் இந்தச் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியென்றால் வேகம் கூடக்கூட சத்தமும் கூட வேண்டும். ஆனால் இது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது. காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே கதை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் விளக்கிய ஒத்ததிர்வு. கார்தான் பாட்டில், சன்ரூஃப்தான் வாய்.

தோராயமாகக் கணக்குப் போட்டேன். உள்ளே 3 கன மீட்டர் காற்று, 80 செ.மீ.க்கு 40 செ.மீ. திறப்பு என்றால், இந்தப் பாட்டிலின் இயல்பான அதிர்வு சுமார் 23 ஹெர்ட்ஸ். திறப்பின் முன்விளிம்பில் உருவாகும் சுழல்கள் ஏறக்குறைய காரின் பாதி வேகத்தில் பின்விளிம்பில் போய் மோதும். நொடிக்கு 23 முறை மோத, கார் மணிக்கு 65 கி.மீ.யில் போனால் போதும். நாங்கள் போனதும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான்.

சரி, ஆப் ஏன் 65 காட்டியது? பொதுவாக இந்த ஆப்கள் காட்டுவது 'ஏ' எடையிட்ட டெசிபல். மெல்லிய ஒலிகளை நம் காது கேட்கும் விதத்தை ஒட்டி அமைத்த அளவு அது. 20 ஹெர்ட்ஸில் 50 டெசிபலைக் கழித்துவிடும். உண்மையில் 110 இருந்தாலும் 60 என்றுதான் காட்டும்! போன் மைக்கும் இந்தத் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக வாங்காது. ஆப் பொய் சொல்லவில்லை. அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டது நான்.

இதனால்தான் கார் ரிவ்யூ வீடியோக்களில் 'கேபின் சத்தம் இத்தனை டெசிபல்' என்று ஒற்றை எண்ணைச் சொல்லும்போது எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. சன்ரூஃபைத் திறந்து, 'சி' எடையில், 40 முதல் 80 கி.மீ. வரை மெல்ல ஏற்றி அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

திறப்பின் முன்னால் எழும்பும் டிஃப்ளெக்டர் பட்டை, காற்றை மேலே தூக்கிவிட்டுச் சுழல்களைக் குலைக்கத்தான் இருக்கிறது. நல்ல யோசனை, ஆனால் ஒரே உயரத்தில் நிற்கும் பட்டை எல்லா வேகத்துக்கும் ஒத்துவராது. சில கார்களில் சன்ரூஃப் முழுதும் திறக்காமல் சற்று முன்பே நின்றுவிடுவதும் இதற்காகத்தான். அதைப் பலர் கோளாறு என்று நினைத்து, மறுபடி பட்டனை அழுத்தி முழுசாகத் திறக்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

பின் ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். போன ஞாயிறு இறக்கினேன், நின்றுவிட்டது. "இதைத்தானேடா அன்னிக்கே சொன்னேன்" என்றார் அம்மா. அவர் சொன்னது சாத்தச் சொல்லித்தான். ஆனால் நான் வாதாடவில்லை.