சாராயம் இல்லாத தாதா: பம்பாய் மதுவிலக்குக் காலமும் தமிழ்த் திரை விமர்சனமும்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடப்பிலிருந்த மதுவிலக்கு சிகாகோ, நியூயார்க் நகரங்களின் குற்றக் கும்பல்களைச் செல்வத்தில் கொழிக்க வைத்ததையும், அக்கும்பல்களின் கதை 1931இல் வெளிவந்த 'லிட்டில் சீசர்', 'பப்ளிக் எனிமி' ஆகிய படங்களோடு திரையில் ஒரு தனி வகைமையாக நிலைபெற்றதையும் திரைப்பட வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அதே வகையான சட்டம் பம்பாயிலும் இருந்தது. அதன் நிழலில் வளர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். அவரது வாழ்வின் சாயலில் உருவான படம் தமிழ்த் திரையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆயினும் அப்படத்தையும் அதன் வழிவந்த படங்களையும் குறித்து எழுந்த விமர்சனம், அந்தத் தாதாவை உருவாக்கிய சட்டத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமலே கடந்து வந்திருக்கிறது.

1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் மது காய்ச்சுவதையும் விற்பதையும் அருந்துவதையும் தடை செய்தது. அதன் சில பிரிவுகளை நீக்கிய உச்ச நீதிமன்றம், 1951இல் பால்சரா வழக்கில், பெரும்பகுதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1960களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்ட அச்சட்டம் குடிப்பதற்கான அனுமதிச் சீட்டு என்ற வடிவில் இன்றும் மும்பையில் உயிரோடிருக்கிறது. தடை வந்ததும் வெல்லத்தையும் நவச்சாரத்தையும் கலந்து ஊறல் போட்டுக் காய்ச்சும் பட்டிகள் பெருகின. மித்தி ஆற்றின் சதுப்பும் அலையாத்திப் புதர்களும் சூழ்ந்த தாராவியும் அதன் சுற்றுப்புறமும் ஊறல் பீப்பாய்களை மறைத்து வைக்க ஏற்ற நிலமாக இருந்தன. காய்ச்சிய சரக்கு லாரி டயர் ட்யூபுகளில் அடைக்கப்பட்டு நகரெங்கும் போய்ச் சேர்ந்தது. விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமை தூக்கியவராகச் சொல்லப்படும் வரதராஜ முதலியார் இந்த வணிகத்தைப் பிடித்துத்தான் மேலெழுந்தார். மாட்டுங்கா நிலையத்தருகே அவர் நடத்திய கணேசர் விழாப் பந்தல் அவரது செல்வாக்கின் பொது அடையாளமாயிற்று. 1980களில் காவல்துறை நெருக்கியபோது சென்னைக்குப் பெயர்ந்த அவர் 1988 தொடக்கத்தில் இறந்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1987 தீபாவளியில், மணிரத்னத்தின் 'நாயகன்' வெளிவந்தது. கமல்ஹாசன், ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம், கலை இயக்குநர் தோட்டா தரணி ஆகிய மூவருக்கும் அப்படம் தேசிய விருது பெற்றுத் தந்தது. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. 2005இல் 'டைம்' இதழின் நூறு சிறந்த படங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. படத்தைப் பற்றிய வாதம் இரண்டு தடங்களிலேயே நெடுங்காலம் நடந்தது. கொப்போலாவின் 'காட்ஃபாதர்' படத்துக்கு அது எந்த அளவுக்குக் கடன்பட்டது என்று அளப்பது முதல் தடம். படத்தின் மையப் பாத்திரமான வேலு நாயக்கரின் வாழ்வில் வரதராஜ முதலியாரின் வாழ்வு எவ்வளவு என்று ஒப்பிடுவது மற்றொன்று. இவை இரண்டுமே மூலத்தைத் தேடும் வேலைகள். படம் எதைச் சொல்லாமல் விட்டது என்ற கேள்வி இவற்றால் எழுவதில்லை. திரைப்பட ஆய்வாளர் லலிதா கோபாலன் தமது 2002ஆம் ஆண்டு நூலில் 'நாயகன்' பற்றி எழுதிய பகுதி இந்தப் பழக்கத்திலிருந்து விலகி, இந்தியப் படங்களின் பாடல்களும் இடைவேளையும் ஏற்படுத்தும் தடைகளே கதை சொல்லும் முறையை வடிவமைக்கின்றன என்ற கோணத்தை முன்வைத்தது. இத்துறையில் இன்றும் பயன்மிக்க வாசிப்பு அதுவே எனலாம்.

படம் விட்டுவிட்டது எதுவென்று கேட்டால், விடை சாராயம் என்பதே. வேலு நாயக்கரின் செல்வம் கடத்தலிலிருந்து வருகிறது; கடலில் இறக்கிய சரக்கை உப்பு மூட்டைகளோடு கட்டி மூழ்கடித்து, உப்பு கரைந்தபின் மிதக்கவிடும் உத்தி அவரது அறிவுக்கூர்மைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கடத்தல் அரசின் சுங்க வருவாயை மட்டுமே பாதிப்பதாகத் தோன்றுவதால், ஏழைகளின் காவலன் என்ற உருவம் குலையாமல் நிற்கிறது. கள்ளச்சாராயத்தைக் குடிப்பவனோ அதே குடிசையின் கூலித் தொழிலாளி. அந்த வணிகம் திரையில் முழுமையாக வந்திருந்தால், நாயக்கர் நல்லவரா என்று பேரன் இறுதியில் கேட்கும் கேள்வி வேறு கனத்தோடு ஒலித்திருக்கும். போர்த்துகல் நாட்டவரான வைட்டல் லசெர்டா, மதுவிலக்குக் கால நியூயார்க்கை வைத்து உருவாக்கிய 'ஸ்பீக்கீஸி' என்ற கடினமான வியூகப் பலகை விளையாட்டு இங்கே ஒரு பயனுள்ள ஒப்பீடு. வீரனின் மனப்போராட்டம் அங்கே ஆட்டத்தின் பொருளன்று. ரகசிய மதுக்கூடங்களை நடத்திக் காப்பதே ஆடுபவரின் வேலை. தொழிலின் இயக்கத்தை ஒரு பலகை வெளிக்காட்டும் இடத்தில், திரை மனிதனின் முகத்தை முன்னிறுத்தித் தொழிலைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

'நாயகன்' இந்தியில் 'தயாவான்' என்று 1988இல் மறுஆக்கம் பெற்றது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்திலிருந்து பம்பாய்க்குச் சென்ற கடத்தல் தாதா ஹாஜி மஸ்தானின் சாயலை 'தீவார்' (1975) முதல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் மும்பை' (2010) வரை பலரும் கண்டனர். இங்கும் சாயல் தேடுவதே விமர்சனத்தின் வேலையாயிற்று. பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) வந்தபோதுதான் பேச்சு தடம் மாறியது. தாராவித் தலைவனை நில உரிமைக்காக நிற்பவனாக அப்படம் காட்டியதால், நிறங்களின் அரசியல், அம்பேத்கரியச் சிந்தனை, மறுகட்டமைப்புத் திட்டம் ஆகியவை விமர்சனத்தின் மையத்துக்கு வந்தன. இது பெரிய முன்னேற்றம். ஆனால் குற்றத்தின் பொருளாதாரத்தைப் படமே ஒதுக்கிவிட்டதால், விமர்சனமும் அதைத் தேடவில்லை. கௌதம் மேனனின் 'வெந்து தணிந்தது காடு' (2022) பரோட்டாக் கடைத் தொழிலாளியின் கூலி வாழ்விலிருந்து தொடங்கியது. உழைப்புக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவை அது தொட்ட அளவுக்கு அதன் மீதான எழுத்து தொடவில்லை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டத்தைக் கடந்து ஐரோலி போன்ற நவி மும்பைக் குடியிருப்புகளிலும் தமிழர் இன்று வாழ்கின்றனர். தாராவியை நாளிதழ்கள் வழியும் திரை வழியும் மட்டுமே அறியும் தலைமுறைக்கு, கல்பனா சர்மாவின் 'ரீடிஸ்கவரிங் தாராவி' (2000) போன்ற நூல்கள் அந்தச் சாராயக் காலத்தையும் தோல், மண்பாண்டத் தொழில்களையும் ஒன்றாகக் காட்டுகின்றன. திரை விமர்சனம் இத்தகைய சமூக வரலாற்று எழுத்தோடு கைகோக்கும்போது தாதாவைத் தாண்டியும் பல முகங்கள் தெரியவரும். வீட்டின் முன்னறையிலேயே சாராயம் ஊற்றிக்கொடுத்து, காவலருக்கு மாதாமாதம் மாமூல் கட்டி, அந்த வருவாயில் குடும்பத்தைக் காத்த பெண்களைப் பம்பாய் 'ஆன்ட்டி' என்றே அழைத்தது. மேலே சொன்ன படங்கள் எதிலும் அப்பெண் மையப் பாத்திரமாக இல்லை; அவள் ஏன் இல்லை என்று கேட்கும் விமர்சனம் இனித்தான் எழுதப்பட வேண்டும்.