காஜா எடுக்காத சட்டை

சென்னையிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால், திருவள்ளூர் தாண்டி, திருத்தணி வருவதற்கு முன்னால் ஓர் ஊர் வரும். கனகம்மாசத்திரம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை. எனக்கு அது சித்தி வீடு.

சித்தியிடம் ஒரு கால் மெஷின் இருந்தது. கறுப்பு உடம்பு, தங்க நிறத்தில் எழுத்து. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அதன் சத்தம் ஆரம்பித்துவிடும். தெருப் பெண்கள் அளவு ஜாக்கெட்டோடு வந்து நிற்பார்கள். பாவாடை சட்டை, ஜாக்கெட், பையன்களுக்கு டிராயர்... துணிமூட்டைக்கு நடுவே சித்தியின் தலை மட்டும் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. ஊருக்குத் தைத்து முடித்த பிறகுதான் வீட்டுக்கு. எங்கள் சட்டைத் துணி கத்தரியைப் பார்ப்பது தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு மேல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளி. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால், காலரில் மஞ்சள் தடவிய புதுச்சட்டை தயாராக இருந்தது. பட்டனும் இருந்தது. காஜா மட்டும் இல்லை! சித்தி மெஷின் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தார். ‘‘ஊக்கு குத்திக்கோடா கண்ணு, மத்தியானம் எடுத்துத் தர்றேன்’’ என்றார். சித்தி பையன் சமர்த்தாக நாலு ஊக்கு குத்திக்கொண்டு பட்டாசு வெடிக்கப் போய்விட்டான். நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, அப்பா வாங்கி வந்திருந்த ரெடிமேட் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

இதை இப்போது சொல்லக் காரணம், போன வருஷம் அதே வீட்டில், அதே சித்தியோடு உட்கார்ந்து டி.வி-யில் பார்த்த ஒரு படம். பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’.

2008-ல் வந்த படம். 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் என்று இரண்டையும் தட்டிக்கொண்டு வந்தது. சுதந்திரத்தை ஒட்டிய காலம். வேங்கடம் என்ற பட்டு நெசவாளி. பிறந்த குழந்தையின் காதில், ‘உன் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை கட்டி அனுப்புவேன்’ என்று சத்தியம் செய்கிறான். பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு கிடையாது என்பதுதான் அங்கே நிலைமை. சேர்த்த பணம் வேறு வழியில் போய்விட, முதலாளியின் தறியிலிருந்து தினமும் கொஞ்சம் பட்டு நூலை வாயில் ஒளித்து எடுத்து வருகிறான். ராத்திரியில், யாருக்கும் தெரியாமல், மகளுக்காக நெய்கிறான். வருஷக்கணக்கில்.

கடைசியில் அந்தப் புடவை முடியவே இல்லை. முடியாத அந்தத் துண்டு, கல்யாணத்துக்கு அல்ல, மகளின் உடலை மூடப் பயன்படுகிறது. மூடக்கூடப் போதவில்லை. தலையை மூடினால் கால் தெரிகிறது. அந்தக் காட்சியில் பிரகாஷ்ராஜின் முகத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. தமிழில் ‘வீட்டு மனுஷங்களுக்குக் கையால் செய்து கொடுப்பது’ என்ற விஷயத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோன படம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. ஜவுளிக்கடை விளம்பரங்களில் அப்பா பை பையாகத் தூக்கி வருவார், குடும்பமே சிரிக்கும். அந்தத் துணியை நெய்தவன் வீட்டில், தைத்தவள் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்ட படம் ‘காஞ்சிவரம்’. அதற்காகவே ஒரு சலாம்.

ஆனாலும், ரெண்டாவது முறை பார்க்கும்போது உறுத்தல் வந்தது.

முதல் உறுத்தல் தறி சம்பந்தப்பட்டது. திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று எங்கள் பக்கம் முழுக்கத் தறிச் சத்தம்தான். எல்லை தாண்டி ஆந்திராவில் நகரி போனாலும் அதே சத்தம். இங்கே பெரும்பாலும் விசைத்தறி. ஆனால், தறியைப் பார்த்தே வளர்ந்த எவரும் ஒரு கேள்வி கேட்பார்கள். நெசவு என்பது ஒற்றை ஆள் வேலையா? முதலில் பாவு வேண்டும். நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகள் மொத்தமும் தறியில் ஏறினால்தான் முதல் ஊடையையே ஓட்ட முடியும். அந்தப் பாவை நீட்டிச் சரிசெய்ய நாலைந்து பேர் வேண்டும். தார் சுற்ற ஓர் ஆள் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட்டால், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டு என்பது ஒரு குடும்பமே சேர்ந்து செய்கிற பொருள்.

அதில் தார் சுற்றுவது பெரும்பாலும் யார்? வீட்டுப் பெண்கள். சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவே. கூலி வரும்போது அது ‘நெசவாளி’ பெயரில் வரும், புடவைக் கணக்கில். தார் சுற்றியவளுக்குத் தனி வரவு கிடையாது.

சினிமாவுக்கு ரகசியம் தேவை, அதனால் வேங்கடம் தனியாக நெய்கிறான் என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்தச் சௌகரியத்துக்குப் படம் ஒரு விலை கொடுக்கிறது. ‘கையால் செய்தது’ என்பது ஓர் ஆணின் தனிமையான தவமாக மாறிவிடுகிறது. ஷ்ரியா ரெட்டி நடித்த மனைவி அன்னம் எவ்வளவு அழகான பாத்திரம்! ஆனால், படத்தின் பார்வை வேங்கடத்தின் சத்தியத்தை விட்டு நகர்வதில்லை. பக்கத்துக் கைகள் கணக்கில் வரவில்லை.

நான் பி.காம் படித்தவன். எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போடுகிற வியாதி உண்டு. அன்றைக்கு ராத்திரி, அந்த காஜா எடுக்காத சட்டைக்கு ஓர் அடக்க விலைக் கணக்கு போட்டுப் பார்த்தேன். துணி, எனக்கு ஞாபகம் இருக்கிறவரை, 40 ரூபாய்க்குள். நூல், பட்டன், காலருக்கு கேன்வாஸ் எல்லாம் சேர்த்து 5 ரூபாய். கூலி..? பேனா அங்கே நின்றது. அன்றைக்கு டவுன் டைலர் ஒரு சட்டைக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். சித்தி கணக்கில் அந்த இடத்தில் ஒரு கோடு. சொந்தக்காரர் எவரும் கொடுத்ததில்லை. கேட்டதில்லை என்பதால் கொடுத்ததில்லை. கொடுத்ததில்லை என்பதால் கேட்டதில்லை.

இதற்கு நாம் வைத்திருக்கிற அழகான பெயர், அன்பு.

இந்த விஷயத்தில் மகாத்மாவே கொஞ்சம் சறுக்கியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? 1924-ல் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரிடம், ‘நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா?’ என்று கேட்டார். அந்த மாணவர் ஜி.ராமச்சந்திரன், பிற்பாடு டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர். காந்தி சில விலக்குகள் உண்டு என்றார். அவர் காட்டிய உதாரணம் சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த சிங்கர், அந்தப் பிரியத்தில்தான் இதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி சொன்ன காரணம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஐசக் சிங்கர் அப்படிப்பட்ட ஆசாமி இல்லை. நாடக நடிகராக இருந்தவர். பல பெண்களோடு வாழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். 1851-ல் அவர் பேடண்ட் வாங்கியது பிரியத்தினால் அல்ல, காசுக்காக. தவணை முறையில் வீட்டுக்கு வீடு மெஷினைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த கம்பெனியின் சாமர்த்தியம். பி.காம் பாடத்தில் ‘ஹயர் பர்ச்சேஸ்’ என்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. காந்தி சொன்ன கதைக்குக் கொஞ்சமாவது கிட்டே வருகிறவர், 1846-லேயே பேடண்ட் வாங்கிய எலியாஸ் ஹோவ். வருமானம் இல்லாத நாட்களில் அவர் மனைவி வெளியாருக்குத் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்பார்கள். கவனியுங்கள், வெளியாருக்கு. கூலிக்கு. அந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

காந்திக்கே தையல் மெஷின் என்றால் காதல் கதை தேவைப்பட்டிருக்கிறது. நம் சினிமாவைக் கேட்க வேண்டுமா? புருஷன் ஓடிப்போய்விட்டால், அண்ணன் வேலையில்லாமல் நின்றால், அடுத்த ஷாட்டில் மெஷின் வரும். ஒரு பெண்ணின் கால் பெடலை மிதிக்கும். அந்தச் சக்கரம் சுற்றுவதற்குள் பையன் வளர்ந்து காலேஜுக்குப் போய்விடுவான். ஒரு ஜாக்கெட்டுக்கு அவள் எவ்வளவு வாங்கினாள், பாக்கி வைத்தவர்கள் யார் என்று எந்தப் படமும் சொல்லாது. மெஷின் என்றால் தியாகம். முடிந்தது கதை.

கணக்கைக் கொஞ்சம் நேர்மையாகப் பேசிய படம் ஒன்று இந்தியில் இருக்கிறது. 2018-ல் சரத் கடாரியா இயக்கிய ‘சுயீ தாகா’. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அம்மாவுக்கு, உடம்புக்கு இதமாக ஒரு மேக்ஸி தைத்துக் கொடுக்கிறான் பையன். பக்கத்துக் கட்டில்காரர்கள், ‘எங்களுக்கும் வேணும்’ என்கிறார்கள். அம்மாவுக்கான அன்பளிப்பு ஒரே நாளில் ஆர்டராக மாறுகிறது. அப்புறம் படம் வழக்கமான மசாலாவில் விழுந்து எழுந்தாலும், ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பிரியமாகத் தைத்த துணிக்கும் விலை உண்டு. விலை சொன்னதால் பிரியம் குறைந்துவிடவில்லை. கலையாகப் பார்த்தால் ‘காஞ்சிவரம்’ எங்கோ உயரத்தில். இந்த ஒரு விஷயத்தில் ‘சுயீ தாகா’வுக்கு என் ஓட்டு.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துப் பெண்கள். அந்த வேலைக்குக் கூலி உண்டு. கூலி போதுமா என்பது வேறு சண்டை. கணக்கில் ஏறினால்தான் சண்டையே போட முடியும். வீட்டுக்குள் தைப்பதற்கு அந்தச் சண்டைக்கும் வழி இல்லை.

சரி, சித்திக்கு வருவோம். இப்போது எழுபதை நெருங்குகிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரோ ஒரு பெண்ணின் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்தபடியே படம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சித்தி துடைக்கவில்லை.

‘‘ஏண்டா, பொறந்த கொழந்தை காதுல போய் பட்டு கட்டி அனுப்பறேன்னானே... அந்தக் கொழந்தையா கேட்டுது?’’

‘‘அப்பாவோட ஆசை சித்தி.’’

‘‘அதான் சொல்றேன். அவன் ஆசை. கூட வேலை செஞ்சவங்க கூலி வேணும்னு நின்னாங்க. இவனும் முன்னாடி நின்னான். கல்யாணம் வந்ததும் நூல் வேணுமேன்னு அவங்களை வுட்டுட்டுத் தறிக்குத் திரும்பப் பாத்தானே? அந்தக் கூலி கெடைச்சிருந்தா இன்னும் எத்தினி பொண்ணுங்க கல்யாணம் நல்லா நடந்திருக்கும்!’’

விருது கொடுத்த நடுவர்களும், அந்த நாளில் பத்திப் பத்தியாகப் பாராட்டி எழுதிய என்னைப் போன்றவர்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் இது. படத்தின் ஆழமான சோகம் பட்டுப் புடவை முடியாமல் போனது அல்ல. தன் மகள் ஒருத்திக்கான அன்பளிப்புக்காக, எல்லார் மகள்களுக்குமான கூலியை வேங்கடம் கைவிடப் பார்த்தான் என்பது. படம் அதைக் காட்டுகிறது. ஆனால், நம்மை அழவைக்கிற இடம் அதுவாக இல்லை. கேமரா புடவையையே பார்த்துக்கொண்டிருந்ததால், நாமும் புடவைக்காகவே அழுதுவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ‘‘அப்ப நீங்க எங்களுக்கு ராத்திரியெல்லாம் கண் முழிச்சுத் தச்சீங்களே சித்தி, அது யாரோட ஆசை?’’ என்று கேட்டேன்.

ஹூக்கைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். ‘‘என் ஆசைதான். நீதான் போடவேயில்லியே! மறுநாளே உக்காந்து காஜா எடுத்துட்டேன். அப்புறம் என் புள்ளைதான் அதையும் ரெண்டு வருஷம் போட்டுக் கிழிச்சான்.’’

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. கூலி கேட்காதவர்கள் எல்லோரும் கணக்கு வைத்துக்கொள்ளாதவர்கள் என்று நினைத்தது என் தப்பு.

இந்தத் தீபாவளிக்கு ஒன்றரை மீட்டர் துணி எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் போவதாக இருக்கிறேன். ஒரு மாதம் முன்கூட்டியே, தெருக்காரர்களின் துணியோடு சேர்த்து, வரிசையில். கொடுக்கும்போதே கூலி எவ்வளவு என்று கேட்டுவிடப்போகிறேன். ‘பெரிய மனுஷனாயிட்டான்’ என்று திட்டு விழும்.

விழட்டும்.